டெய்சிக்கு வைத்த தண்ணீர்

காசிமேட்டில் கருவாட்டுக் கொட்டகை வைத்திருந்த அந்த அக்காவுக்கு, ஒருவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் வழக்கமே கிடையாது. மழை வரும்போல இருக்கிறது என்று யாராவது சொன்னால், சொன்னவர் வீட்டுக் கூரையில் என்ன காய்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வானத்தைப் பார்ப்பாள். "சாப்டியாக்கா" என்று கேட்டால், "இன்னாத்துக்குக் கேக்கற" என்பாள்.

கொட்டகை வாசலில் தினமும் கடல் மணலைச் சலித்துப் பரப்பி வைப்பாள். யார் வந்தார்கள், எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று காலடி பார்த்துத் தெரிந்துகொள்ள. நான் முதல் தடவை தனியாகப் போய்விட்டுக் கிளம்பும்போது, "உள்ள வரச்சொல்ல ஒரு எடத்துல நின்னுகினு இருந்தியே, இன்னாத்த நோட்டம் பாத்தே" என்று கேட்டாள். காலில் ஒட்டிய மீன் செதிலைத் தட்டிவிட நின்றிருந்தேன். அதைச் சொன்னேன். நம்பவில்லை.

ஆட்களை நம்பாதவள் தன் நாக்கை நம்பினாள். எதுவானாலும் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்குத் தீரும். கடைக்காரர் கொடுத்த சில்லறைக் காசு, புதுக் கயிறு, மருந்துக்கடைப் பொட்டலம், திருவொற்றியூர் கோயிலில் கொடுத்த விபூதி, எல்லாம் அந்த நாக்கைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போகும். எண்ணூரிலிருந்து உப்பு வண்டி வந்து நின்றால் ஒவ்வொரு மூட்டையிலும் கையை முழங்கைவரை விட்டு, அடியிலிருந்து ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வண்டிக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "இதுல மணலு. இது கசக்குது, திருப்பி எத்துனு போ. இது பழைய உப்பு, கசப்பு எறங்கிப் போச்சி, இத்த இறக்கு." அதற்கு மேல் பேரம் கிடையாது. அவள் கருவாடு கெட்டுப்போனதாகப் பேச்சே வராததற்கு அந்த நாக்குதான் காரணம் என்று குப்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவளும் சொல்வாள். "ஆளு பொய் சொல்லுவான். நாக்கு சொல்லாது."

இப்பேர்ப்பட்டவளிடம் ஒரு மலைப்பாம்பைக் கொடுத்ததும், அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து வரும் வேலையை என் தலையில் கட்டியதும் எங்கள் டிரைவர்.

நான் அப்போது ராயபுரத்தில் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன். என் டிரைவர் ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ-இந்தியர். மனைவி போன பிறகு அவர் குவார்ட்டர்ஸில் அந்தப் பாம்புதான் துணை. குட்டியாக இருந்தபோது யாரோ கப்பல்காரன் கொடுத்துவிட்டுப் போனது. டெய்சி என்று பெயர் வைத்து, என் தொடைப் பருமனுக்கு வளர்த்துவிட்டார். வேலை முடிந்து பெங்களூரில் மகளோடு போய் இருக்கலாம் என்றபோது, அப்பா வரட்டும், பாம்பு வரக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். கருவாட்டுக் கொட்டகையில் எலித் தொல்லை என்று எங்கோ கேள்விப்பட்டு, டெய்சியைப் பெரிய மூங்கில் கூடையில் வைத்து, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனோம்.

அக்கா கூடையைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா கேக்கற இதுக்கு?"

"ஒண்ணும் வேணாம்மா. சும்மா வச்சிக்க."

"சும்மாவா? அப்ப இதுல இன்னாமோ கீது."

விஷம் இல்லை, கடிக்காது என்று அவர் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எதிரில் உட்காரச் சொன்னாள். தான் வெற்றிலை போட்டு, மென்று, துப்பி முடிக்கும்வரை அவரையும் பாம்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"பாம்பு குடுக்கறதுக்கு இன்னாத்துக்குய்யா அழுவுற? சீக்குப் புடிச்ச பாம்பா?"

கடைசியில் எலிதான் ஜெயித்தது. எலிகள் அவளுடைய வஞ்சிரக் கருவாட்டை அவ்வளவு தின்றிருந்தன. டிரைவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விவரம் சொன்னார்.

"புது வூடு, அதுக்குப் பயமா இருக்கும்மா. இருட்டா ஒரு மூலை குடு. யாரும் தொட வேணாம், எட்டிப் பாக்க வேணாம். கொஞ்ச நாள் சாப்பிடாது, அதுக்குக் கவலப்படாதே. தண்ணி மட்டும் எப்பவும் இருக்கணும். அது உள்ள படுக்கற மாதிரி பெரிய தொட்டி."

ஸ்டேஷனில் வண்டி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அடிக்கடி போய்ப் பாரு மேன். கிறிஸ்துமஸ் முடிஞ்சி நான் வருவேன். அது உயிரோட இருக்கணும். எனக்கு வேற யாரு இருக்கா மேன்." மகள் இருக்கிறாளே என்று என் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் பார்த்த பார்வை அப்படி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புது இடத்தில் ஒரு பாம்பைக் குடியேற்றுவதற்கு அவளைவிடப் பொருத்தமான ஆளை நான் கண்டதில்லை. கொட்டகையின் பின்பக்கத்து அறையைக் காலி செய்தாள். வெளியே ஒருத்தியை விளக்கோடு சுற்றி வரச் சொல்லி, தான் உள்ளே இருட்டில் மண்டி போட்டுக்கொண்டு, எங்கெங்கே வெளிச்சம் ஊசியாக வருகிறது என்று பார்த்தாள். ஒவ்வொரு ஓட்டையையும் படகு அடைப்பது மாதிரி தேங்காய் நாரும் கீலும் வைத்து அடைத்தாள். உடைந்த பீப்பாய் ஒன்றைப் படுக்க வைத்து உள்ளே சாக்கு விரித்தாள். தரையெல்லாம் மணல் பரப்பினாள். ஆள் நுழையும் அளவுக்கு ஒரு மரத்தொட்டியைக் கொண்டுவந்து தன் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினாள்.

"வெளிய போச்சின்னா குப்பத்துல கல்லாலயே அடிச்சிப் போட்டுருவானுங்க" என்றாள். அதன்மேல் இருந்த அக்கறையால் சொன்னாளா, என் பொறுப்பை எனக்கு நினைவுபடுத்தினாளா, தெரியவில்லை.

நான் லீவு கிடைக்கும்போதெல்லாம் போனேன். என்னை டிரைவர் வைத்த வேவுக்காரன் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். உண்மையும் அதுதானே. அறைக்கதவை ஒரு சாண் திறந்து, அவள் தலைக்கு மேல் என் தலை நீட்டிப் பார்க்க வேண்டும். பீப்பாய்க்குள் டெய்சி சுருண்டு கிடக்கும். பெயரெல்லாம் எனக்குத்தான். அவளுக்கு அது "அது"தான்.

"இங்க பாரு" என்று மணலைக் காட்டுவாள். பாம்பு ஊர்ந்த தடம் கயிறு இழுத்தது போலத் தெளிவாக இருக்கும். "தெனம் தொட்டி வரிக்கும் வருது. ஒரு சுத்து சுத்துது. திரும்பிப் போவுது. வழி பாக்குது நைனா. எந்தப் பக்கம் பூந்து ஓடலாம்னு வழி பாக்குது."

தொட்டியைப் பார்ப்பேன். ததும்ப ததும்ப இருக்கும். டிரைவர் சொன்னபடி தண்ணீர் இருக்கிறது என்று எனக்கும் திருப்தி. எத்தனை தடவை பார்த்தாலும் அது ஏன் ஒரு விரல்கூடக் குறையாமல் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதிலேயே மும்முரமாக இருந்தோம்.

என் சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. மாதங்கள் போயும் டெய்சி சாப்பிடவில்லை. பொறியில் பிடித்த எலியை உயிரோடு உள்ளே விட்டால், எலி அதன் முதுகின் மேலேயே ஓடி விளையாடியது. தோல் மங்கிப் போயிற்று. சட்டை உரிக்கப் பார்த்து முடியாமல் அங்கங்கே கிழிந்து தொங்கியது. கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. அந்தச் சமயத்தில் ஒருநாள், பெரியமேட்டுத் தோல் மண்டித் தரகன் ஒருவன் அவள் கொட்டகையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்ததைப் பார்த்தேன். மலைப்பாம்புத் தோலுக்குச் சீமையில் எவ்வளவு கிராக்கி என்று ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க நின்ற ஒருத்தி வேறு, நான் அந்தப் பக்கம் போவதைப் பார்த்து, "அந்த வூட்டுத் தண்ணிய வாயில வெக்காதே தம்பி" என்றாள். ஏன் என்று கேட்டால், "நமக்கு இன்னாத்துக்கு வம்பு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். முன்பெல்லாம் குப்பத்துப் பெண்கள் அக்காவின் கிணற்றில்தான் மொள்வார்களாம். இப்போது அக்காவைத் தவிர யாரும் கயிறு போடுவதில்லை. அவளைக் கேட்டபோது, எல்லோரும் சேர்ந்து கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள் என்றாள். "கெணறு உப்பு கரிக்குதுன்னு ஒரு பேமானி கெளப்பி உட்டா. பொறாம. கவர்மெண்டு குழாத் தண்ணியில மருந்து கலக்கறான், அத்தக் குடிச்சி நாக்கு செத்துப் போச்சி அவளுங்களுக்கு."

மற்றவர்கள்மேல் அவளுக்கு இருந்த புகார்களுக்குக் குறைவே இல்லை. மளிகைக்காரன் கிழட்டுப் பருப்பு கொடுக்கிறான், எவ்வளவு எரித்தாலும் வேகவில்லை. சோப்புக்காரன் சுண்ணாம்பு கலக்கிறான், நுரையே வரவில்லை. கொத்தவால் சாவடி வியாபாரிகள் அவள் கருவாட்டில் உப்பு அதிகம் என்று புதிதாகக் குறை சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கிறார்கள். ஒருநாள் எனக்கும் ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் வைத்தாள். அதுவே அதிசயம். ஒரு வாய் வைத்ததும் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடல் தண்ணீரில் காய்ச்சியது போல இருந்தது. இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்பதைத்தான் குழம்பில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பசியில்லை என்று எழுந்துவிட்டேன். அவள் என் தட்டையே பார்த்தாள். நான் விஷம் என்று நினைத்துவிட்டதாக அவள் நினைத்திருப்பாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம். காற்றே இல்லாத புழுக்கம். கதவைத் திறந்ததும் எனக்குப் பகீர் என்றது. டெய்சி பீப்பாய்க்கு வெளியே நீளமாகக் கிடந்தது. சுருளக்கூட இல்லை. உடம்பில் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, வாய் லேசாகப் பிளந்திருந்தது. நாக்கு மட்டும் எப்போதாவது ஒரு தடவை வெளியே வந்து போயிற்று. நான் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தொட்டியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அதன் தலையில் விட்டேன். அது தலையைத் திருப்பிக்கொண்டது. எனக்கும் மயக்கமாக வந்தது. இன்னொரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு வாயில் கொப்பளித்தேன்.

துப்பிவிட்டேன். வாயெல்லாம் கரித்தது.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். தரகன், தோல், குழாயடிப் பெண், எல்லாம்.

"தண்ணியில உப்பு போட்டுக் கொல்றியாக்கா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தோலுக்காகவா?"

அவள் கோபப்படவில்லை. தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். "நல்லாத்தான கீது. கல்கண்டு மாதிரி."

"பொய் சொல்றே. தரகன் வந்துட்டுப் போனத நான் பாத்தேன்."

"வந்தான். கேட்டான். செத்தா சொல்லி அனுப்பறேன்னேன். செத்தாதான?" பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் பொய் சொல்றே. அந்தக் குழாக்காரிங்க உன்னிய சொல்லச் சொல்லி அனுப்பிச்சாளுங்களா?"

என்னைப் பொய்யன் என்று பிடித்துக் காட்டாமல் விடுவதாக இல்லை அவள். என்னை முற்றத்தில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். மூன்று சட்டிகள் கொண்டுவந்தாள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் பக்கத்து வீட்டில் வாங்கிய குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் குழாய்த் தண்ணீரோடு ஒரு பிடி உப்பைக் கரைத்தாள். எது எது என்று சட்டிக்கு அடியில் கரியால் கோடு கிழித்துவிட்டு என்னைத் திரும்பச் சொன்னாள்.

"இப்ப சொல்லு."

சொன்னேன். அடியைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் திரும்பச் சொல்லி இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் சொன்னேன். குழாய்த் தண்ணீர் சப்பென்று இருந்தது, உப்புப் போட்டது குடலைப் புரட்டியது, கிணறு இரண்டுக்கும் நடுவில் கரித்தது. குழந்தைகூடச் சொல்லும்.

அவள் சட்டிகளை மறுபடியும் ஒரே வரிசையாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "நீ மாத்தி வை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் மாற்றி வைத்தேன். அவள் வந்து குந்தினாள். ஒவ்வொன்றாக விரலைத் தொட்டு, உப்பு வண்டிக்கு முன்னால் செய்வது போலவே கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தாள். மூன்றையும் இரண்டு சுற்று பார்த்தாள். மூன்றாவது சுற்று பார்த்தாள். பிறகு ஒரு சட்டியைத் தொட்டு, "இதான் குழாத் தண்ணி" என்றாள். சந்தேகமே இல்லாத குரலில் சொன்னாள்.

அடியைத் தூக்கிப் பார்த்தது அவள்தான். அதில் ஒரு பிடி உப்பைக் கரைத்திருந்தாள்.

பருப்பு வேகாதது, சோப்பு நுரைக்காதது, சாவடிக்காரர்கள் சொன்னது, என் தட்டில் வைத்த குழம்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குள் வந்து உட்கார்ந்தன. அவளுக்குள்ளும் வந்திருக்கும். எனக்குச் சட்டென்று அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய், அழுகை வரும்போல ஆகிவிட்டது. கிணற்றில் எப்போதோ கடல் ஏறியிருந்தது; அத்தனை வருஷம் உப்பைத் தின்ற நாக்கு உப்பையே மறந்துவிட்டிருந்தது. உலகத்தில் ஒவ்வொருத்தரையும் சந்தேகப்பட்டவள், அது ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை.

"எப்பத்துலேந்து?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா."

அறைக்குள் போனாள். மணலில் இருந்த தடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை அதன்மேல் ஓட்டிக்கொண்டே தொட்டிவரை போனாள். வந்திருக்கிறது, தொட்டியைச் சுற்றியிருக்கிறது, திரும்பிப் போயிருக்கிறது. நாள் தவறாமல்.

"அது நாக்கு சொல்லிக்கினேதான் இருந்துச்சி" என்றாள். "நான்தான் வழி பாக்குதுன்னேன்."

பிறகு நடந்ததைக் குழாயடியில் நின்றவர்கள் வெகு காலம் பேசினார்கள். அரசாங்கத் தண்ணீரைத் தொடாதவள் இடுப்பில் குடத்தோடு வந்து வரிசையில் நின்றாள். எனக்கு எச்சரிக்கை சொன்ன அந்தப் பெண் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் குடத்தைத் தள்ளி வைத்து இடம் விட்டாள். நானும் ஒரு குடம் தூக்கினேன். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, நல்ல தண்ணீரால் நிரப்பினோம். நான் டெய்சியின் தலைப்பக்கம் பிடித்தேன், அவள் நடுவைப் பிடித்தாள். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. தொட்டியில் விட்டதும் அது முகத்தைத் தண்ணீரில் அமுக்கி, தொண்டை ஏறி இறங்கக் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. அக்கா அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடி டேசி" என்றாள்.

கொஞ்ச நாள் அது தொட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அடுத்து நான் போனபோது மூக்கிலிருந்து வால்வரை முழுசாக உரித்த சட்டை பீப்பாயின் மேல் கிடந்தது. அதற்கப்புறம் ஒரு எலி போனது, இன்னொன்றும் போனது. கிறிஸ்துமஸ் முடிந்து டிரைவர் சொன்னபடி வந்தார். பளபளவென்று இருந்த டெய்சியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மறுபடியும் அழுதார். இந்தத் தடவை அவள் காரணம் கேட்கவில்லை. நடந்ததை அவரிடம் நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த மழைக்காலம் முடிந்து வந்த முதல் உப்பு வண்டிதான். அவளுடைய நாக்கு போனது தெரிந்தால் எண்ணூரிலிருந்து மண்ணையும் கசப்பு உப்பையும் கொண்டுவந்து அவள் தலையில் கட்டிவிடுவார்கள், கொட்டகையை மூட வேண்டியதுதான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வண்டி வரும் நாளைச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பியிருந்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

வழக்கம்போல முழங்கைவரை மூட்டைக்குள் விட்டு ஒரு கல் எடுத்தாள். நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டிக்காரர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணைத் திறந்து, அதே மூட்டையிலிருந்து இன்னொரு கல் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தத் தம்பி தொழில் கத்துக்கறேன்னுகினு பேஜாரு பண்றான்" என்றாள் வண்டிக்காரரிடம். என்னிடம் திரும்பி, "சொல்லு. இன்னா கத்துக்கினேன்னு பாக்கறேன்" என்றாள்.

குரலில் பழைய அதட்டல் அப்படியே இருந்தது. கல்லை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். நான் வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும். கசப்பு இருக்கிறதா, மணல் நெருடுகிறதா என்று மட்டும் நிதானமாகப் பார்த்தேன்.

"கசக்கலக்கா. மணலும் இல்ல."

அவள் என் கண்ணைப் பார்த்தாள். பிறகு, பழக்கதோஷம், என் காலடி மணலில் எப்படிப் பதிந்திருக்கிறது என்றும் குனிந்து பார்த்தாள். வண்டிக்காரர் காத்திருந்தார். மாடு தலையை ஆட்டிக்கொண்டது.

"சரியாத்தான் சொல்றான்" என்றாள் அவரிடம். "இறக்கு."